லாச்சப்பலுக்கு எதில் போவது?

நேயர்களுக்கு வணக்கம்.

லண்டனில் வாழும் நம்மவர் பலருக்குப் பாரிஸில் ஓர் உறவாவது இருக்கும். எனக்கு என் அக்கா இருக்கிறார். வீடு பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பக்கம். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, அந்தியேட்டி என்று வருடத்தில் மூன்று நான்கு தடவை போய்வருகிறேன். புறப்படும்போதெல்லாம் வீட்டில் அதே பேச்சு: "விமானம் ஒன்றேகால் மணி நேரம், ரயில் இரண்டேகால் மணி நேரம். பிறகேன் ரயில்?"

இந்தக் கணக்கு பிழை. பயண நேரத்தை நம் வீட்டு வாசலில் தொடங்கி அக்கா வீட்டு வாசலில்தான் முடிக்க வேண்டும். ஹீத்ரோ போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். சார்ள்ஸ் து கோல் விமான நிலையத்தில் இறங்கி, நீண்ட நடை, கடவுச்சீட்டு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு. அதன்பின் நகருக்குள் வர ஆர்.ஈ.ஆர். பி ரயிலைப் பிடிக்கிறோம். அது நம்மைக் கொண்டுவந்து விடும் இடம் எது? பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையம். லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் ஏறிய யூரோஸ்டார் ரயில் பயணியும் அதே நிலையத்தில்தான் இறங்குகிறார். லாச்சப்பல் அங்கிருந்து பத்து நிமிட நடை.

ரயிலுக்கும் ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். பிரெஞ்சுக் காவலர் செயின்ட் பாங்கிராஸிலேயே கடவுச்சீட்டைப் பார்த்துவிடுவதால், பாரிஸில் இறங்கியதும் நேரே வெளியே நடக்கலாம். மூட்டு வலிக்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது அம்மாவைக் கூட்டிப்போன நாளில்தான் எனக்குப் புரிந்தது.

அதற்கு முந்தைய தடவை விமானத்தில் போனோம். அக்காவுக்கென்று அம்மா போட்ட தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்திருந்தார். கைப்பையில் நூறு மில்லிலீட்டருக்கு மேல் திரவம் கூடாது என்ற விதியைச் சொல்லி, சோதனை மேசையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். அம்மா பாரிஸ் போய்ச் சேரும்வரை பேசவேயில்லை. இப்போது சில விமான நிலையங்களில் அந்த விதி தளர்ந்திருக்கிறது. ரயிலில் அந்தக் கட்டுப்பாடு எப்போதுமே இல்லை. அடுத்த போத்தல் அம்மாவின் மடியிலேயே போனது.

அந்தப் பயணத்தில், இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையே 1994இல் திறந்த கடலடிச் சுரங்கத்துக்குள் ரயில் நுழைந்தது. சுரங்கத்தின் நீளம் ஐம்பது கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 38 கடலுக்கு அடியில். வெளியே முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி உள்ளே 160க்குக் குறைகிறது. இருபது நிமிட இருட்டு. மறுகரையில், பிரான்ஸின் கலே பக்கத்து வயல்வெளி தெரிந்ததும் அம்மா கேட்டார்: "கடல் எப்ப வரும் பிள்ளை?"

விலை விஷயத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. கடைசி வாரத்தில் வாங்கினால் ரயில் டிக்கெட் கையைக் கடிக்கும். சுரங்கத்தைக் கடக்க ரயில் கட்டணம் கட்டுகிறது. நாடு விட்டு நாடு பறக்கும் விமானத்தின் எரிபொருளுக்கோ வரியே இல்லை. இத்தனைக்கும் இதே தடத்தில் விமானம் கக்கும் கரியமில வாயுவில் பத்தில் ஒரு பங்குகூட ரயில் பயணத்தால் வருவதில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய உள்நாட்டுத் தடங்களில் விமானம் கூடாது என்று பிரான்ஸ் 2023இல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ விமானங்கள் அதில் அடங்கும். எல்லை தாண்டும் தடங்களை அது தொடவில்லை. தொட வேண்டும் என்பது என் கருத்து.

லண்டனிலிருந்து ரோமுக்கோ லிஸ்பனுக்கோ போகிறவரிடம் நான் ரயிலை வற்புறுத்த மாட்டேன். அது நாள் முழுக்க, சில வேளை அதையும் தாண்டி நீளும் பயணம். நான்கைந்து மணி நேரத்துக்குள் என்றால் ரயில்தான். பாரிஸிலிருந்து சூரிச் நான்கு மணி நேரம், பிரஸ்ஸல்ஸ் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. அடுத்த கல்யாண அழைப்பிதழ் கைக்கு வந்த அன்றே டிக்கெட்டை எடுத்துவிடுங்கள். நாள் நெருங்க நெருங்க விலை ஏறும்.

நன்றி, வணக்கம்.