பெட்டி கட்டும் முன் காகிதம் கட்டுங்கள்

(நாகர்கோவிலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, பழவிளை, பெருமாள்புரம், ஞாறான்விளை, கோழிவிளை முகாம்களிலிருந்து ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

"எப்ப ஊருக்குப் போறீங்க?" இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர்களிடம் நம் மாவட்டத்துக்காரர்கள் சாதாரணமாகக் கேட்கிற கேள்வி இது. கேட்பவர் மனத்தில் கெடுதல் ஒன்றும் கிடையாது. ஆனால் ஊருக்குப் போவதென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறுவது மாதிரி என்ற நினைப்பு அதற்குள்ளே இருக்கிறது. அப்படியில்லை. திரும்பிப் போகிற குடும்பத்துக்கும் சரி, இங்கேயே இருந்து குடியுரிமை கேட்கிற குடும்பத்துக்கும் சரி, வழி ஒரு காகிதக் கட்டில்தான் ஆரம்பிக்கிறது. இரண்டு வழிக்கும் பெரும்பாலும் அதே காகிதங்கள்தான். போவதா இருப்பதா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள்கூட அந்தக் கட்டை இன்றைக்கே சேர்க்கத் தொடங்கலாம். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

'திரும்புதல்' நம் மாவட்டத்துக்குப் புதுச் சொல் அல்ல. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது என்று முடிவாயிற்று. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படி வந்த தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதும் அரசு ரப்பர் கழகத்தின் நோக்கங்களில் ஒன்று. கீரிப்பாறைப் பக்கம் விடியுமுன்னே பால்வெட்டப் போகிறவர்களில் அந்தக் குடும்பங்களும் உண்டு. அவர்கள் இந்தியக் குடிமக்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்தவர்கள் அகதிகள். இருவரும் ஒரே கடலைத் தாண்டியவர்கள், பல பேர் ஒரே சொந்தம். வித்தியாசம் முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது.

1983 ஜூலையிலிருந்து 2012 ஆகஸ்டு வரை இந்தியாவுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்பது மத்திய உள்துறை தரும் கணக்கு. 1995 மார்ச் வரை அரசே ஏற்பாடு செய்து திருப்பி அனுப்பியது 99,469 பேரை. அதற்குப் பிறகு அரசு ஏற்பாட்டில் கூட்டமாக அனுப்புவது நின்றுவிட்டது. ஒருவர் தன் விருப்பப்படிதான் போகிறாரா என்று கேட்டு உறுதிசெய்ய, ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992-இல் சென்னையில் அலுவலகம் திறந்தது. பின்னாளில் விமானச் சீட்டு கொடுத்து அனுப்பியதும் அவர்கள்தான். இந்தியா 1951-ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. அதனால் முகாமில் கிடைக்கிற எதுவும் சட்டப்படியான உரிமை ஆகாது, அரசாணையால் கிடைப்பதுதான். ஓர் ஆணையால் வந்தது இன்னோர் ஆணையால் போகலாம். அந்த அச்சம் முகாம் மக்களுக்கு ஏன் எப்போதும் இருக்கிறது என்பதை வெளியில் இருக்கும் நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

முகாம் வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பழைய முகாம் வீடு பத்துக்குப் பத்து, அதாவது நூறு சதுர அடி. அதில் ஐந்து பேர் என்றால் ஆளுக்கு இருபது சதுர அடி. பேரிடர் நிவாரணத்துக்கு உலக அளவில் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஆளுக்கு மூன்றரை சதுர மீட்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 38 சதுர அடி. அதுவும் சில மாத அவசரத் தங்கலுக்குச் சொன்னது. சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் போட்ட தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவதே எவ்வளவு கஷ்டம் என்று. நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. ஆண்டுக்கு இரண்டு முறை கூரை ஒழுகும். அதையே முப்பது வருஷம் தாண்டியவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.

2021 ஆகஸ்டு 27-ஆம் தேதி முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடியே 40 லட்சம் ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்தார். பழுதடைந்த 7,469 வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. அரசு மாதாமாதம் தரும் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உயர்ந்தது. கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மாதம் 3,500 ரூபாய். அரிசி தனி. இது நல்ல மாற்றம், நன்றியோடு சொல்ல வேண்டியது. ஆனால் குடும்பம் நடப்பது அந்தப் பணத்தில் இல்லை. பெயிண்டிங், கொத்து வேலை, சென்ட்ரிங் வேலை என்று ஆண்கள் களியக்காவிளை தாண்டி, பாறசாலை, திருவனந்தபுரம் வரை போகிறார்கள். ஆள் கணக்கெடுக்கும் தணிக்கை நாளில் முகாமில் இல்லாவிட்டால் பணக்கொடை நிற்கும், தொடர்ந்து இல்லாவிட்டால் பதிவே நீங்கும். வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள். அந்த அனுமதியின் நகலை எறிந்துவிடாதீர்கள். பதிவு அறுந்துபோன இரண்டு மாதம், பத்து வருஷம் கழித்துக் குடியுரிமை மனுவிலோ வெளியேறும் அனுமதியிலோ கேள்வியாக வந்து நிற்கும்.

இனிக் காகிதத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் மெதுவாகவே சொல்ல வேண்டும்.

அடிப்படை நான்கு: பெற்றோரின் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், அவர்களுடைய திருமணச் சான்று, இங்கே பிறந்த பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், படகில் வந்து இறங்கியதும் மண்டபம் முகாமில் பதிந்த நாளிலிருந்து தொடரும் முகாம் பதிவு. இந்த நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இருப்பதில்லை. சங்கடம் முழுக்க அங்கேதான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். மன்னாரில் பிறந்த ஒருவருக்கு அங்கே பதிந்த பெயர் 'முருகேசு'. மண்டபத்தில் எழுதிக்கொண்டவர் தமிழ்நாட்டுக்காரர், அவர் காதில் விழுந்தது 'முருகேசன்'. அதுவே முகாம் அட்டையில் ஏறியது. பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அட்டையைப் பார்த்து 'முருகேசன்' என்றே எழுதினார்கள். ஆதாரில் முன்னெழுத்து சேர்ந்து 'க. முருகேசன்' ஆயிற்று. இப்போது இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையைப் பதியப் போனால், 'முருகேசுவின் பிள்ளை என்பதற்கு என்ன சான்று?' என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஓர் எழுத்துத்தான், ஆனால் தகப்பன் வேறு ஆளாகிவிடுகிறார். திருத்தும்போது எப்போதும் வேரிலிருந்து தொடங்குங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் உள்ளதே மூலம். முதலில் முகாம் பதிவை அதற்கு ஏற்பத் திருத்தக் கேளுங்கள், பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடைசியாக ஆதார். பலரும் கையருகே எளிதாக இருக்கிறதென்று ஆதாரை முதலில் மாற்றிவிடுகிறார்கள். அப்போது ஒன்றோடொன்று பொருந்தாத ஆவணம் இன்னும் ஒன்று கூடுகிறதே தவிர, முடிச்சு அவிழ்வதில்லை.

இலங்கைப் பிறப்புச் சான்றிதழே இல்லை, எல்லாம் எரிந்துவிட்டது என்பவர்கள் உண்டு. பிறந்த தேதி, பிறந்த இடம், பதிவான பிரிவு இவை தெரிந்தால், அங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பிரதேச செயலகத்தில் நகல் கேட்கலாம். பதிவேடே அழிந்திருந்தால் உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று அங்கே கொடுக்கிறார்கள். ஆகவே வீட்டில் இருக்கும் அம்மம்மா, அப்பப்பாவிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்தக் கிராமம், எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோயில் அல்லது தேவாலயம். ஞானஸ்நானப் பதிவேட்டிலிருந்து பெயரை மீட்டெடுத்த குடும்பங்கள் உண்டு. அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்பே பதியப்படவில்லை என்றால், 21 நாளுக்குள் இலவசம், 30 நாள் வரை தாமதக் கட்டணம், ஓராண்டு வரை எழுத்து அனுமதி. ஓராண்டு கடந்துவிட்டால் உத்தரவு வாங்க வேண்டும். நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பதிவு இருந்தும் பெயர் ஏறாமல் 'ஆண் குழந்தை', 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தால், பிறந்து 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்த்துவிடலாம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வரும்வரை காத்திருக்காதீர்கள். அந்தப் பட்டியலில் விழுந்த பெயரை மாற்றுவது இதைவிடப் பெரிய வேலை.

அடுத்தது அந்தப் பிள்ளையைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிவது. இது இல்லாமல் இலங்கைக் குடியுரிமை தானாக வராது. சட்டம் சொல்வது ஓராண்டுக்குள், தக்க காரணம் இருந்தால் அதற்குப் பிறகும். தாய், தந்தை இருவரில் ஒருவர் இலங்கைக் குடிமகனாக இருந்தால் போதும் என்று 2003-இல் அங்கே சட்டம் திருத்தினார்கள். பதிந்தால் இந்தியக் குடியுரிமை கேட்க முடியாமல் போய்விடுமோ என்று சிலர் தயங்குகிறார்கள். பதியாமல் விட்டால் பிள்ளைக்கு எந்த நாடும் இல்லாத நிலை வரும் என்பதை அதனோடு வைத்து எடைபோடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல பேருடைய வேலை இதில்தான் கெடுகிறது. அசல் சான்றிதழை லேமினேஷன் செய்யாதீர்கள். மேலே முத்திரை குத்த முடியாது, பின்பக்கம் எழுத முடியாது, சரிபார்க்கிறவர் அசலா என்று சந்தேகப்படுவார். பிரித்தெடுக்கப் போனால் எழுத்தோடு உரிந்துவரும். திறந்து மூடக்கூடிய பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், தகரப் பெட்டிக்குள் போடுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் ஏறும், மண்தரை என்றால் கறையான் வரும்.

போவதென்று முடிவெடுத்தவர்களுக்கு: முகாம் வருவாய் ஆய்வாளர் வழியாக மனு, மறுவாழ்வுத்துறையின் சம்மதம், வழக்கு எதுவும் இல்லை என்று கியூ பிரிவு காவல்துறையின் அறிக்கை, வெளியேறும் அனுமதி, தூதரகத்தின் பயண ஆவணம். பாஸ்போர்ட்டில் வந்து விசா தீர்ந்த பிறகும் தங்கியவர்களுக்கு அபராதத் தள்ளுபடி தனியாக வேண்டும், அதுதான் நாள் இழுக்கும். குடும்பத்தில் ஒருவருடைய தாள் தயாராகி மற்றவருடையது நின்றுபோனால், முதலில் வந்த அனுமதியின் காலக்கெடு முடிந்துவிடும். எல்லோருடையதையும் ஒரே கட்டாகக் கொடுங்கள்.

2025 மே மாதம் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐ.நா. ஆணையத்தின் ஏற்பாட்டில், உரிய அனுமதியோடு திரும்பிய முதியவர் ஒருவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். முன்பு முறையான ஆவணம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியேறினார் என்பது குற்றச்சாட்டு. குண்டுக்குத் தப்பிப் படகேறியவர் எந்த அலுவலகத்தில் முத்திரை வாங்கியிருக்க முடியும்? அந்த ஆண்டே ஆணையம் திருப்பி அனுப்பும் ஏற்பாட்டை நிறுத்திவைத்தது. போரால் வெளியேறியவர்களுக்குக் குடியகல்வுச் சட்டத்திலிருந்து, அதாவது நாட்டை விட்டு வெளியேறுவது பற்றிய சட்டத்திலிருந்து, எழுத்தில் விலக்குக் கிடைக்கச் செய்வது இரு அரசுகளின் கடமை. அந்த விலக்கு எழுத்தில் வராமல் யாரையும் 'போங்கள்' என்று தள்ளுவது நியாயமில்லை.

காணி பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் ஒருவர் காணியைப் பத்து வருஷம் இன்னொருவர் எதிர்ப்பில்லாமல் ஆண்டால் உரிமை கோரலாம். போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016-இல் ஒரு தனிச்சட்டம் வந்தது. அந்தச் சலுகை இரண்டே ஆண்டுக்குத்தான் இருந்தது. முகாமில் எத்தனை பேருக்கு அது தெரிய வந்தது? உங்கள் காணிக்கு இருப்பது உறுதியா (சொந்த நிலப் பத்திரமா), அரசு கொடுத்த அனுமதிப்பத்திரமா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அனுமதிப்பத்திரம் என்றால் பின்னுரித்தாளியாக, அதாவது அடுத்த உரிமைக்காரராக, யார் பெயர் இருக்கிறது என்பது முக்கியம்.

இருக்க விரும்புகிறவர்களுக்குப் பிறந்த தேதிதான் எல்லாம். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அப்படி முகாமில் பிறந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் வழங்க 2022-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. அந்தத் தேதிக்கும் 2004 டிசம்பர் 2-க்கும் இடையில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு, மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி' ஆக இருக்கக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. நம் ஊர்ப் பையன்களைக் கட்டியிருக்கும் முகாம் பெண்களின் பிள்ளைகள் இந்த நிபந்தனையில்தான் மாட்டுகிறார்கள். 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2025 செப்டம்பரில் வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களை, ஆவணமில்லாமல் வந்து தங்கியதற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து காக்கிறது. அது குடியுரிமை அல்ல. ஆனால் 'பதிவுசெய்த' என்ற சொல்லைக் கவனியுங்கள். மண்டபத்தில் வாங்கிய அந்தப் பழைய துண்டுச்சீட்டுக்கு இன்றைக்கு எவ்வளவு மதிப்பு என்பது அதில் இருக்கிறது.

மேடைக்கு இடப்பக்கம் இரண்டு மேசை போட்டிருக்கிறோம். முகாம் அட்டையையும் கையில் இருக்கிற மற்றத் தாள்களையும் கொண்டு வாருங்கள். ஒவ்வொரு தாளிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது எங்கே பொருந்தவில்லை என்று குறித்துத் தருவார்கள். ஜெராக்ஸுக்குக் காசு வேண்டாம். வயதானவர்கள் முதலில் வரட்டும்.