மரம் வளர்க்கும் வௌவால்

நடுவர் அவர்களே, வெள்ளவத்தை மண்டபத்துக்கு இந்தப் பின்னேரம் வந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"கொழும்புக்குப் பெரிதும் உதவுவது பழந்தின்னி வௌவாலா, சீழ்க்கைத் தாராவா?" என்பது தலைப்பு. எதிரணித் தங்கை தாராவைப் பற்றி அழகாகவே பேசினார். தலங்கம குளத்தில் அது சீழ்க்கையடித்தபடி இறங்குவதை நானும் ஆசையோடு பார்த்திருக்கிறேன். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமானதையும் சொன்னார். சரி, பெருமைதான். ஆனால் வௌவாலைப் "பழத் திருடன்" என்றாரே, அதை என்னால் விட முடியவில்லை.

எங்கள் வளவுக் கொய்யாவையும் அது தின்கிறதுதான். விடிந்து பார்த்தால் மென்று துப்பிய சக்கை உருண்டைகள் மரத்தடியில் கிடக்கும். அதே வாய் இலுப்பைக்கு என்ன செய்கிறது தெரியுமா? இரவில் பூவைத் தேடி மரத்துக்கு மரம் போகும்போது மகரந்தம் அதன் ரோமத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே போகிறது. பழுத்த பிறகு சதையைத் தின்றுவிட்டு விதையை வேறெங்கோ போட்டுவிடுகிறது. ஊரில் எங்கள் அம்மம்மா காலையில் பெட்டியோடு போய்ப் பொறுக்கி வந்தது அந்த விதையைத்தான். கோயில் விளக்குக்கு இலுப்பெண்ணெய் அதிலிருந்துதான் வந்தது. ஆலம்பழ விதையோ வௌவாலின் எச்சத்தோடு விழுந்து முளைக்கிறது.

தங்கை போற்றும் சீழ்க்கைத் தாராவும் மரப்பொந்தில் முட்டையிடுகிற பறவை. அந்த மரத்துக்கு விதை கொண்டுவந்தது யாராக இருக்கும் என்று அவர் யோசிக்கவில்லை.

"கண் தெரியாத பிராணி" என்றும் சொன்னார். தவறு. எதிரொலி கேட்டுப் பறப்பவை பூச்சி தின்னும் சின்ன வௌவால்கள். பழந்தின்னிக்கு நல்ல கண். பார்த்தும் மோந்தும்தான் பழத்தைக் கண்டுபிடிக்கிறது.

விரித்தால் நான்கு அடியைத் தாண்டும் சிறகு அதற்கு. அதனால்தான் ஒரே நேரத்தில் இரண்டு மின்கம்பிகளில் பட்டுவிடுகிறது. போன மாதம் எங்கள் ஒழுங்கை முனையில் ஒன்று அப்படித் தொங்கியது. சிறகு கருகிச் சுருண்டிருந்தது. நெஞ்சோடு ஒட்டியபடி அதன் குட்டி. இரண்டுமே அசையவில்லை.

தாரா ஒரு தடவையில் 7 முதல் 12 முட்டைவரை இடும். இந்தத் தாய்க்கு வருடத்துக்கு ஒரேயொரு குட்டிதான். அந்த ஒன்றுதான் கம்பியில் போனது, நடுவர் அவர்களே. தீர்ப்பு எழுதும்போது அவள் பக்கம் நில்லுங்கள். நன்றி, வணக்கம்.