ஆறாம் மாதத்துக் காய்ச்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

தம் குழந்தைக்கு ஆட்டிசம் என்று உறுதியான பிறகு, உடன் வந்த உறவினர்கள் அறையை விட்டு வெளியேறும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு தாய்மார்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இவன் வயிற்றில் இருந்தபோது, ஆறாம் மாதத்தில், எனக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது டாக்டர். அதனால்தானா?" இதற்கு ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. ஆயினும் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

1999 முதல் 2009 வரை நார்வே நாட்டில் பிறந்த 95,754 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகமும் நார்வே பொதுச் சுகாதார நிறுவனமும் இணைந்து நடத்தியது, 2017இல் வெளியானது. அதன் தனிச்சிறப்பு என்று நான் கருதுவது குழந்தைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், தாய்மாரிடம் கேள்வி கேட்கப்பட்ட காலத்தைத்தான். கர்ப்பத்தின் 17ஆம் வாரத்திலும் 30ஆம் வாரத்திலும், பிறகு குழந்தைக்கு ஆறு மாதமானபோதும், காய்ச்சல் வந்ததா, மருந்து எடுத்தீர்களா என்று படிவம் அனுப்பிக் கேட்டார்கள். குழந்தைக்குப் பின்னாளில் என்ன ஆகும் என்பது அப்போது தாய்க்கும் தெரியாது, ஆய்வாளருக்கும் தெரியாது.

இதற்கு முன்பு கலிஃபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வில், குழந்தைக்கு இரண்டு முதல் ஐந்து வயதானபோதுதான் தாய்மாரிடம் விசாரித்தார்கள். மகனுக்கு ஆட்டிசம் என்று அறிந்த தாய், கர்ப்ப காலத்தின் ஒவ்வொரு நாளையும் இரவெல்லாம் துருவித் துருவி நினைத்துப் பார்த்திருப்பாள். எவ்விதக் குறையுமின்றி வளரும் குழந்தையின் தாயோ இரண்டு நாள் காய்ச்சலை எப்போதோ மறந்திருப்பாள். அவ்வகை ஆய்வுகளில் காய்ச்சலின் பங்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்ற இடமுண்டு.

நார்வேயில் கர்ப்பத்தின்போது காய்ச்சல் கண்டதாகக் கூறிய தாய்மார் ஏறத்தாழ 16 விழுக்காடு. அவர்களுடைய குழந்தைகளிடம் ஆட்டிசத்துக்கான வாய்ப்பு 34 விழுக்காடு கூடுதலாகவும், நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் காய்ச்சல் வந்திருந்தால் 40 விழுக்காடு கூடுதலாகவும் இருந்தது. இந்த 34ஐக் கேட்டு, நூறு பேரில் 34 குழந்தைகள் என்று பொருள்கொண்டு நடுங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குழு முழுவதிலும் ஆட்டிசம் கண்டறியப்பட்டவர்கள் 583 பேர், அதாவது ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஆறு பேர். இந்த ஆறு எட்டாகிறது என்பதே அந்த 34 விழுக்காட்டின் பொருள். காய்ச்சல் கண்ட ஆயிரம் தாய்மாரில் 992 பேரின் குழந்தைகளுக்கு ஆட்டிசம் இல்லை. பன்னிரண்டாம் வாரத்துக்குப் பின் மூன்று முறையோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தவர்களிடம் வாய்ப்பு மூன்று மடங்கானது உண்மை. ஆனால் அத்தகையோர் மிகச் சிலரே என்பதால் அந்த மூன்று மடங்கு என்பதே உறுதியான அளவு அன்று. மிகக் குறைவாகவும் இருக்கலாம், ஏழு மடங்குக்கு மேலும் போகலாம் என்று ஆய்வாளர்களின் கணக்கே காட்டுகிறது.

காய்ச்சலுக்கும் கருவின் மூளைக்கும் என்ன தொடர்பு? கிருமியை எதிர்க்கத் தாயின் உடல் சுரக்கும் சைட்டோகைன் என்னும் புரதங்களின் மீதே சந்தேகம் விழுகிறது. கிருமி எதுவும் செலுத்தாமல், இன்டர்லூகின்-6 என்ற அத்தகைய புரதத்தை மட்டும் சினை எலிக்கு ஒரே ஒரு முறை ஊசியில் ஏற்றியபோது குட்டிகளின் நடத்தை மாறியதை 2007இல் கண்டார்கள். எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்றாலும், வெவ்வேறு நோய்களால் வரும் காய்ச்சல்கள் ஒரே வகையான விளைவைத் தருவது ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கமாகிறது.

அடுத்த கேள்வி மாத்திரையைப் பற்றியது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர், பாராசிட்டமாலை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்தி, கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டுமென்று பேசிய பிறகு, உடல் அனலாய்க் கொதிக்கும்போதும் மாத்திரை போடாமல் ஈரத்துணியோடு படுத்திருந்தேன் என்று சொல்பவர்கள் வருகிறார்கள். இது எனக்குக் கவலை தருகிறது. சுவீடனில் 1995 முதல் 2019 வரை பிறந்த ஏறத்தாழ 25 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளை, பாராசிட்டமால் எடுத்த கர்ப்பம், எடுக்காத கர்ப்பம் என ஒப்பிட்டபோது ஆட்டிசத்தில் வேறுபாடு தென்படவில்லை. முன்பு சொன்ன கலிஃபோர்னிய ஆய்விலோ, காய்ச்சலுக்கு மாத்திரை எடுத்துக்கொண்ட தாய்மாரிடம் அபாயம் தணிந்தே காணப்பட்டது. காய்ச்சலுக்கும் வலிக்கும் எடுக்கும் இன்னொரு மாத்திரையான ஐபுப்ரோஃபென் வேறு கதை. இருபதாம் வாரத்துக்குப் பின் அது கருவின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும், டெங்கு என்ற ஐயம் இருந்தால் எப்போதுமே ஆகாது. ஆகவே தெர்மாமீட்டர் 100.4 டிகிரியைத் தாண்டினால் மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் எடுப்பதும், எதனால் வந்த காய்ச்சல் என்று அன்றே காட்டிப் பார்ப்பதும் முறை.

ஆறாம் மாதத்துக் காய்ச்சலைப் பற்றிக் கேட்ட ஒரு தாயிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: ஆயிரத்தில் அந்தக் கூடுதல் இரண்டு பேரில் உங்கள் மகன் ஒருவனா, காய்ச்சல் வராமலேயே ஆட்டிசம் வரும் ஆறு பேரில் ஒருவனா என்று பிரித்துச் சொல்லும் சோதனை உலகில் எங்கும் இல்லை, காய்ச்சல் நீங்கள் வரவழைத்ததும் அன்று. இப்போது அவர் மீண்டும் கருவுற்றிருக்கிறார். காய்ச்சல் வந்தால் தேதி, தெர்மாமீட்டர் காட்டிய அளவு, போட்ட மாத்திரை ஆகிய மூன்றையும் அன்றைக்கே கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.