சத்தியப் பிரமாணத்தில் கையெழுத்திடுபவர்

வணக்கம், நேயர்களே.

நம் மலேசியப் பங்குச் சந்தையில் உள்ள எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் அதில் ஒரு சத்தியப் பிரமாணம் இருக்கும். கணக்கு சரியானது என்று நிதிக்குப் பொறுப்பானவர் கையெழுத்திட்டிருப்பார். 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. அந்தக் கையெழுத்தைப் போடுபவர் படும் பாட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

"பொய்க்கணக்கு எழுது" என்று எந்த முதலாளியும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. காலாண்டு முடிந்து இரண்டு மாதத்துக்குள் அறிக்கை, பங்குச் சந்தையை நடத்தும் புர்சா மலேசியாவுக்குப் போயாக வேண்டும். லாபமோ குறைவு. அப்போது அறைக்குக் கூப்பிட்டு, "இந்த ஒரு தடவை பார்த்துச் செய்யுங்க, அடுத்த காலாண்டுல சரிபண்ணிக்கலாம்" என்பார்கள். ஜனவரியில் போகவேண்டிய சரக்குக்கு டிசம்பர் தேதியில் பில் போடுவார்கள். வராக்கடனுக்கு ஒதுக்கும் தொகையில் கொஞ்சம் குறைப்பார்கள். லாபம் கூடித் தெரியும். ஆனால் டிசம்பருக்கு இழுத்த விற்பனை ஜனவரியில் இருக்காதே! அந்தப் பள்ளத்தை மூட, அடுத்த முறை இன்னும் பெரிய தொகை வேண்டும்.

அமெரிக்காவின் வேர்ல்ட்காம் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 2000ஆம் ஆண்டு பெட்டி வின்சன் என்ற கணக்காளர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மேலிடம் சொன்ன பதிவுகளைப் போட்டுவிட்டு, மனம் கேட்காமல் வேலையை விட நினைத்தார். குடும்பம் அவர் சம்பளத்தை நம்பி இருந்தது. இனி இப்படி நடக்காது என்ற பேச்சை நம்பித் தங்கிவிட்டார். மறுபடியும் நடந்தது. 2002இல் நிறுவனம் திவாலானது. 2005இல் அவருக்கு ஐந்து மாதச் சிறைத்தண்டனை. அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் உள்ள நிதி மேலாளர்கள் இந்தக் கோலாலம்பூரிலும் எத்தனையோ பேர்.

நம் ஊழியர் சேமநிதி வாரியமும் பங்குச் சந்தையில் முதலீடு செய்கிறது. தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் ஓர் அக்காவின் சம்பளத்தில் பிடித்த பணமும் இந்தக் கணக்குகளை நம்பித்தான் போகிறது. அதனால்தான் எனக்கு இது இவ்வளவு வலிக்கிறது.

சரி, அந்த நிதி அதிகாரி என்னதான் செய்வது? வாய்மொழியாக வந்த உத்தரவை அன்றே மின்னஞ்சலில் எழுதி, "இப்படித்தான் சொன்னீர்களா?" என்று கேளுங்கள். 2007ஆம் ஆண்டின் மூலதனச் சந்தை, சேவைகள் சட்டத்தின் 321ஆம் பிரிவு, முறைகேட்டை, சந்தையைக் கண்காணிக்கும் பங்குப் பத்திர ஆணையத்திடம் தெரிவிக்கும் நிதி அதிகாரியைப் பாதுகாக்கிறது. ஆனாலும் எல்லாப் பாரத்தையும் அவர் தலையிலேயே கட்டுவது நியாயமில்லை. டிரான்ஸ்மைல் என்ற விமானச் சரக்கு நிறுவனத்தின் பொய்க்கணக்கு வழக்கில், கணக்கைச் சரிபார்க்கும் இயக்குநர்களின் தணிக்கைக் குழுவில் இருந்த இரண்டு சுயேச்சை இயக்குநர்களையே 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது.

ஆகவே, தணிக்கைக் குழுத் தலைவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கணக்கு இயக்குநர் வாரியத்துக்கு வரும் முன், நிதி அதிகாரியைத் தனியாகக் கூப்பிடுங்கள். தலைமைச் செயல் அதிகாரி அந்த அறையில் இருக்கக்கூடாது. "மனசுக்கு ஒப்பாமல் போட்ட பதிவு ஏதாவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். சந்தேகம் வந்தபோது மட்டும் கேட்டால் யார் சொன்னது என்று தேடுவார்கள். ஒவ்வொரு காலாண்டும் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.