முன்சீப் கோர்ட்டில் தொடங்கியவர்: நீதிபதி பாத்திமா பீவி நினைவுரை

மேடையில் இருக்கும் மூத்த வழக்கறிஞர்களுக்கும், கோர்ட் முடிந்து கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

2023 நவம்பர் 23-ஆம் தேதி கொல்லத்தில் காலமான நீதிபதி எம். பாத்திமா பீவியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்று அழைப்பிதழிலேயே போட்டுவிட்டார்கள். 1950-இல் தொடங்கிய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு பெண்ணை நியமிக்க 1989 அக்டோபர் வரை ஆகியிருக்கிறது என்றால், அதில் கொண்டாட்டத்தைவிட வெட்கம்தான் கூடுதல். அது இருக்கட்டும். டெல்லிக்குப் போவதற்கு முன்னால் அவர் கடந்துவந்த முப்பது வருஷத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

1927-இல் பத்தனம்திட்டையில் ஒரு ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தார். பி.எஸ்ஸி. முடித்ததும் வேதியியலில் மேலே படிக்க நினைத்தவரைச் சட்டம் படிக்க வைத்தது அவருடைய அப்பா மீரா சாகிப். அப்பாவின் மனதில் இருந்தவர் அன்னா சாண்டி. 1937-இல் திருவிதாங்கூரில் முன்சீப்பாக, அதாவது சிவில் வழக்குகளை விசாரிக்கும் கீழ்நிலை நீதிபதியாக நியமிக்கப்பட்டு, இந்தியாவின் முதல் பெண் நீதிபதி என்று பெயர் பெற்றவர். நம் குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் எல்லாம் அன்றைக்குத் திருவிதாங்கூர்தானே! நம் பாட்டன்மார் கரம் கட்டிய அதே சர்க்கார்தான் ஒரு பெண்ணை நீதிபதி நாற்காலியில் உட்காரவைத்தது. அதைப் பார்த்த ஒரு தகப்பனார் தன் மகளைத் திருவனந்தபுரம் சட்டக் கல்லூரிக்கு அனுப்பினார்.

1950 நவம்பரில் வக்கீலாகப் பதிவு செய்தார். பார் கவுன்சில் தேர்வில் முதலிடம் பிடித்துத் தங்கப் பதக்கம் வாங்கிய முதல் பெண்ணும் அவர்தான். கொல்லத்தில் சில வருஷம் தொழில் செய்துவிட்டு, 1958 மே மாதம் கேரளத்தில் முன்சீப் ஆனார். மாவட்டம் பிரிந்து நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்து அப்போது ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது.

முன்சீப் கோர்ட் என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டாம். குழித்துறையிலோ இரணியலிலோ ஒரு காலைநேரம் போய் நின்றால் போதும். அண்ணன் தம்பி பாகப் பிரிவினை, தென்னந்தோப்பின் எல்லை, வீட்டுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டான் என்று ஒரு பிராது. சொத்தின் ஆதாரப் பத்திரத்தைப் பிரித்தால் பழைய மலையாள எழுத்து. வாதியும் பிரதிவாதியும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். தாத்தா போட்ட கல் எங்கே என்று கேட்டால் இருவரும் இருவேறு இடத்தைக் காட்டுவார்கள். சாட்சி சொல்கிறவன் யார் பக்கம் பார்த்துப் பேசுகிறான், இடத்தைப் பார்த்து வரச் சொல்லி கோர்ட் கமிஷன் அனுப்பிய வக்கீல் எதைப் பார்க்காமல் வந்தார், இதையெல்லாம் கவனித்துத்தான் அங்கே தீர்ப்பு எழுத வேண்டும். பேப்பரில் பெயர் வராது. மேல்முறையீட்டில் திருப்பினால் மட்டும் பெயர் வரும்!

இந்த வேலையை அவர் பத்து வருஷம் செய்தார். 1968-இல் சப் ஜட்ஜ், 1972-இல் தலைமைக் குற்றவியல் நடுவர், 1974-இல் மாவட்ட நீதிபதி. இடையில் வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். 1983-இல் கேரள உயர் நீதிமன்றம். ஒரு படியைக்கூட அவர் தாண்டிக் குதிக்கவில்லை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. உயர் நீதிமன்றத்தில் 62 வயது முடிந்து ஓய்வு பெற்ற பிறகுதான் டெல்லியிலிருந்து அழைப்பு வந்தது. 65-இல் ஓய்வு என்பதால் அங்கே கிடைத்தது இரண்டரை வருஷம். கீழிருந்து ஏறி வருகிறவர்களுக்கு இன்றைக்கும் இதே கணக்குதான். இங்கே உட்கார்ந்திருக்கும் இளைய நீதித்துறை நடுவர்களுக்கு இது தெரிந்திருக்கும், வெளியே சொல்ல மாட்டார்கள்.

அந்த இரண்டரை வருஷத்தில் அவர் எழுதிய ஒரு தீர்ப்பை மட்டும் சொல்கிறேன். 1991, கர்நாடக வழக்கு. ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்த அரசு, பிறகு அந்த அறிவிப்பை மாற்றியது. அறிவிப்பால் பலன் பெறவேண்டிய மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களைக் கேட்காமல் மாற்றியது செல்லாது என்றார் பாத்திமா பீவி. இரு தரப்பையும் கேட்ட பிறகுதான் உத்தரவு என்பது முன்சீப் கோர்ட்டின் அரிச்சுவடி. அதை ஓர் அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்ல உச்ச நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

சரி, அடுத்த பகுதியைச் சிலர் இந்த மேடையில் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். 1997 முதல் 2001 வரை அவர் நம் மாநில ஆளுநர். அந்தக் காலத்தில் அவர் எடுத்த இரண்டு முடிவுகள் கோர்ட்டில் நிற்கவில்லை. 1999-இல் ராஜீவ் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற நால்வரின் கருணை மனுக்களை அமைச்சரவையின் ஆலோசனை இல்லாமலே தள்ளுபடி செய்தார். சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2001 மே மாதம், தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கவே முடியாத ஜெயலலிதாவுக்கு முதல்வராகப் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார். செப்டம்பரில் அந்த நியமனம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அதற்குள் கருணாநிதி கைதை ஒட்டி எழுந்த பிரச்சினையில் அவர் பதவி விலகியிருந்தார்.

இரண்டுமே தவறான முடிவுகள் என்பது என் எண்ணம். ஆனால் முதல் முடிவை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நீதிபதிக்கு அமைச்சரவை கிடையாது. வழக்குக் கட்டைப் படித்து, தனியாக யோசித்து, கையெழுத்துப் போடுவதே முப்பது வருஷப் பழக்கம். ஆளுநர் நாற்காலி அதற்கு நேர் எதிரான வேலையைக் கேட்டது. இரண்டாவது முடிவுக்கு அவர் சொன்ன காரணம், பெரும்பான்மைக் கட்சி தேர்ந்தெடுத்த தலைவர் என்பது. சட்டம் படித்த ஒருவருக்கு அந்தக் காரணம் போதாது என்றே இன்னும் நினைக்கிறேன். அவர் இருந்திருந்தால் அவர் முன்னாலேயே இதைச் சொல்லியிருப்பேன். எதிர்வாதத்தைக் கேட்டுப் பழகியவர்தானே, கோபித்திருக்க மாட்டார்.

மறைவுக்குப் பிறகு 2024-இல் பத்ம பூஷண் அறிவித்தார்கள். அப்புறம் ஒரு வேண்டுகோள். நான் சொன்ன 1991 தீர்ப்பின் நகல்களை வாசலில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். சின்னத் தீர்ப்புதான். இன்றைக்குப் புறம்போக்கு வழக்கு நடத்துகிற தம்பிமார் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு போங்கள்.