கேஸ் சிலிண்டர்ல பிரஷர் மீட்டர் மாட்டினா மீதி தெரியுமா?

[திரையில்: ஆக்சிஜன் சிலிண்டர், மீட்டர் முள் 75-ல். பக்கத்தில் சிவப்பு சமையல் கேஸ் சிலிண்டர்.]

ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர்ல முள்ளைப் பார்த்தே மீதி எவ்வளவுன்னு சொல்லிடலாம். நிரப்பும்போது சுமார் 150 பார். 75-க்கு வந்துட்டா பாதி தீர்ந்தாச்சு. ஒரு பார்ங்கிறது ஏறக்குறைய நம்மைச் சுத்தி இருக்கிற காற்றோட அழுத்தம். அதே மாதிரி மீட்டரை சமையல் கேஸ்ல மாட்டினா? பாதி கேஸ் தீர்ந்த பிறகும் முள் பெருசா நகர்ந்திருக்காது. கடைசியில மடமடன்னு விழும். மீட்டர்ல கோளாறு எதுவும் இல்ல.

[திரையில்: சிலிண்டரின் குறுக்குவெட்டு. கீழே திரவம், மேலே வாயு.]

14.2 கிலோ வீட்டு சிலிண்டரோட கொள்ளளவு 33 லிட்டர் சொச்சம். அதுல கிட்டத்தட்ட 80 சதவீதம் திரவம். மேல இருக்கிற கொஞ்ச இடத்துலதான் வாயு. அடுப்பைப் பத்தவெச்சா மேல இருக்கிற வாயு வெளியே போகும். அழுத்தம் துளி குறையும், உடனே திரவம் கொதிச்சு அந்த இடத்தை நிரப்பிடும். திரவம் இருக்கிற வரைக்கும் இந்த ஈடுகட்டல் நடந்துகிட்டே இருக்கும். அதனால மீட்டர் காட்டுறது வெப்பநிலையைத்தான், அளவை இல்ல. உள்ளே புரொப்பேன், பியூட்டேன் ரெண்டும் கலந்திருக்கு. புரொப்பேன் முந்திக்கிட்டு ஆவியாகிறதால போகப்போக அழுத்தம் கொஞ்சம் இறங்கும், ஆனா அதை வெச்சுக் கணக்குப் போட முடியாது.

மேல 20 சதவீதம் காலியா விடுறதுக்கும் காரணம் இருக்கு. வெயில்ல திரவம் விரியும். இடமில்லாம விரிஞ்சா இரும்பைத்தான் நெட்டித் தள்ளும்.

[திரையில்: கல்யாணச் சமையல், பெரிய அடுப்பு, சிலிண்டர் அடிப்பாகத்தில் பனி.]

கொதிக்கிறதுக்கு வெப்பம் வேணும். அதைத் திரவம் தன்கிட்டேயிருந்தும் சிலிண்டர் சுவர்லேயிருந்தும் எடுத்துக்கும். வீட்டு அடுப்புக்கு இது தாங்கும். ஒரே சிலிண்டர்ல பெரிய பர்னர்களை மணிக்கணக்கா எரிச்சா, வெளிக்காத்து வெப்பம் கொடுக்கிற வேகம் பத்தாது. முதல்ல வேர்க்கும், அப்புறம் பனி படியும். பியூட்டேனோட கொதிநிலை மைனஸ் அரை டிகிரி; திரவம் பூஜ்ஜியத்தை நெருங்கினா ரெகுலேட்டரைத் தள்ளிக்கிட்டு வர அழுத்தமே இருக்காது. கிலோ கணக்குல கேஸ் மீதி இருக்கும், அடுப்பு மட்டும் மங்கும். அப்போ சிலிண்டரைச் சாய்க்கிறதும், அடியில தணல் வெக்கிறதும் உயிரோட விளையாடுற வேலை. சாய்ச்சா ரெகுலேட்டருக்குத் திரவமே போகும்; அது வாயுவானா சுமார் 250 மடங்கு விரியும். ரெண்டு மூணு சிலிண்டரைச் சேர்த்து மாட்டி சுமையைப் பிரிக்கிறதுதான் வழி.

[திரையில்: இரண்டு வரைகோடுகள். 30 டிகிரியிலிருந்து 45 டிகிரி வரை.]

வெயில்ல வெச்சா என்ன ஆகும்? ஆக்சிஜன் வெறும் வாயு, அதோட அழுத்தம் கெல்வின் வெப்பநிலை ஏறுற அதே விகிதத்துல ஏறும். கெல்வினுக்கு மாத்த செல்சியஸோட 273 கூட்டுங்க: 303-லேருந்து 318. ஏத்தம் 5 சதவீதம்தான். 150 பார், சுமார் 157 ஆகும். செல்சியஸை அப்படியே போட்டு 45-ஐ 30-ஆல வகுத்தா 225 வரும். பரீட்சையில பாதிப் பேர் விழுற குழி இது. பியூட்டேன் கதையே வேற: அதே 15 டிகிரியில 2.8 பார்லேருந்து 4.3-க்குப் போயிடும், பாதிக்கு மேல ஏத்தம். மூலக்கூறுகள் வேகமாகிறது மட்டும் இல்ல, திரவத்துலேருந்து புதுசா நிறைய மூலக்கூறுகள் மேல வந்து சேருது.

சரி, 150 பார்ல அழுத்தியும் ஆக்சிஜன் ஏன் திரவமாகல? ஒவ்வொரு வாயுவுக்கும் மாறுநிலை வெப்பநிலைன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு மேல எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஆக்சிஜனுக்கு மைனஸ் 118 டிகிரி, பியூட்டேனுக்கு 152. ரெண்டுக்கும் நடுவுல கார்பன் டை ஆக்சைடு, 31 டிகிரி! சென்னை மே மாசத்துல கார்பன் டை ஆக்சைடு அடைச்ச தீயணைப்பான் உள்ளே திரவம், வாயுன்னு பிரிச்சே சொல்ல முடியாது. அதுல மீட்டர் இருக்காது, எடை போட்டுத்தான் சோதிப்பாங்க.

ஆக்சிஜனுக்குக் கணக்கு சுலபம்: கொள்ளளவை மீட்டர் எண்ணால பெருக்கி, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகுதோ அதால வகுக்கணும். 46.7 லிட்டர் பெரிய சிலிண்டர், முள் 75-ல, ஓட்டம் 5 லிட்டர்னா சுமார் 700 நிமிஷம். முழுசா காலியாகிற வரைக்கும் காத்திருக்காம, முன்னாடியே மாத்திடுங்க.

[திரையில்: சமையல் சிலிண்டர் கழுத்துப் பட்டையில் பொறித்த எடை, நெருக்கத்தில்.]

சமையல் கேஸுக்குத் தராசுதான். கழுத்துப் பட்டையில காலி எடை இருக்கும். 15.9-ன்னு இருந்து தராசு 20.4 காட்டினா, மீதி நாலரை கிலோ. தராசு இல்லேன்னா ஈரத்துணியால மேலேருந்து கீழ வரைக்கும் துடைங்க. திரவம் இருக்கிற உயரம் வரைக்கும் இரும்பு குளிர்ச்சியா இருக்கும், அங்கே ஈரம் தாமதமா காயும். கொஞ்ச நேரம் அடுப்பு எரிஞ்ச பிறகு துடைச்சா கோடு நல்லாத் தெரியும். காலையில எழுந்த உடனே துடைச்சா பெரும்பாலும் ஒண்ணும் தெரியாது.