கிறிஸ்துமஸ் வாசலும் மூங்கில் நட்சத்திரக் கணக்கும்

சபையோருக்கு வணக்கம்.

கிறிஸ்துமஸ் வாசல் என்றதும் கடைவீதியில் தொங்கும் பிளாஸ்டிக் மாலையும் பனிப்பஞ்சும்தான் இப்போது பலருக்கு நினைவுக்கு வருகின்றன. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளின் பழைய வாசலில் அவற்றுக்கு வேலையே இல்லை. மூங்கில் நட்சத்திரம், கோலம், குருத்தோலைத் தோரணம், சவுக்குக் கிளை, அவ்வளவுதான். இதிலும் நட்சத்திரம் சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதனால் இன்றைய நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கொடுக்கிறேன், மற்றவை கோபித்துக்கொள்ளாது.

இரண்டரை அடி நட்சத்திரத்துக்கு 30 அங்குல மூங்கில் பிளாச்சு (பிளந்து சீவிய பட்டை) 10, 6 அங்குலக் குச்சி 5 வேண்டும். பிளாச்சு அரை அங்குல அகலம் போதும். கணுவை நன்றாகச் சீவிவிடுங்கள். தாள் கிழிவது பெரும்பாலும் அங்கேதான்.

கையெடுக்காமல் நட்சத்திரம் வரைவோமே, அதே வரிசையில் ஐந்து பிளாச்சைத் தரையில் பரப்பி முனைகளைச் சணலால் கட்டுங்கள். ஒவ்வொரு பிளாச்சும் மற்ற இரண்டைக் குறுக்கே கடக்கும். ஒன்றுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று பாய் முடைவதுபோல விட்டால் சட்டம் ஆடாது. அவசரக்காரர்கள் இந்தக் குறுக்கு முடிச்சுகளையும் கண்மதிப்பில் போட்டுவிடுகிறார்கள். தூக்கிப் பார்த்தால் ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை! இதைத் தவிர்க்க, கட்டும் முன்பே எல்லாப் பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 11½ அங்குலத்தில் கோடு போடுங்கள். நடுவே 7 அங்குலம் மிஞ்சும். கோடும் கோடும் சந்திக்கும் இடத்தில்தான் முடிச்சு. அடுத்தடுத்த முனைகளுக்கு இடையே அளந்தால் ஐந்து இடத்திலும் ஒரே அளவு, ஏறக்குறைய 18½ அங்குலம், வர வேண்டும். வேறு அளவில் செய்பவர்கள் பிளாச்சின் நீளத்தை 0.38-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், கோட்டின் இடம் கிடைத்துவிடும்.

இப்படி இரண்டு சட்டம். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் இறுக்கிக் கட்டிய பிறகு, உள்ளே உள்ள ஐந்து சந்திப்புகளிலும் 6 அங்குலக் குச்சிகளை முட்டுக் கொடுங்கள். குச்சியின் இரு தலையிலும் சின்ன வெட்டு இருந்தால் நழுவாது. ஒரே பக்கமாக வரிசையாகச் செருகாதீர்கள். ஒன்று விட்டு ஒன்றாகப் போங்கள். இல்லையென்றால் இழுவிசை முழுதும் ஒரு முனையில் ஏறி முடிச்சு அவிழ்ந்துவிடும்.

தாள் 22 துண்டு: முன்னும் பின்னும் ஐங்கோணம் இரண்டு, கால்களுக்கு முக்கோணம் 10, பக்கவாட்டுக்கு 10. ஒட்டுவதற்கென்று ஓரத்தில் அரை அங்குலம் கூட விட்டு வெட்டுங்கள். பின்பக்க ஐங்கோணத்தை மேல் விளிம்பில் மட்டும் ஒட்டினால் போதும். பல்பு மாற்றக் கை போகும். மைதாப் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி அண்டாது. அது விஷம் என்பதால் சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, பிள்ளைகள் கைக்கும் எட்டக் கூடாது. கூரையில்லாத வாசலுக்குக் காகிதம் சரிப்படாது. வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் பெய்யும். மழை விட்டாலும் பனி ஊறவைத்துவிடும். அங்கே கண்ணாடித் தாள்தான். அதில் மைதா ஒட்டாது, ரப்பர் பசை வேண்டும்.

விளக்கு விஷயத்தில் ஆசை அதிகம், யோசனை குறைவு. பழைய குண்டு பல்பின் சூட்டில் தாள் கருகும். 5 வாட் எல்.இ.டி. தாராளம். சிவப்புத் தாளுக்குள் நீல பல்பு போட்டால் நட்சத்திரம் இருண்டுதான் கிடக்கும், ஏனென்றால் சிவப்புத் தாள் நீல ஒளியை வெளியே விடாது. இளமஞ்சள் வெளிச்சம் எந்த நிறத் தாளுக்கும் பொருந்தும். மேல்காலின் அடியில், முன்சட்டத்துக்கும் பின்சட்டத்துக்கும் குறுக்கே ஒரு குச்சி கட்டி, ஹோல்டரை வாய் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் பல்பு நட்டநடுவில் நிற்கும். வாசலுக்கு வெளியே ஒயரில் ஒட்டு இருக்கவே கூடாது. சட்டத்துக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள்; மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், ஹோல்டருக்குள் இறங்காது. ஒற்றைக் கயிற்றில் தொங்கினால் காற்றில் சுழன்று ஒயர் முறுக்கிக்கொள்ளும். கீழ்க்கால் ஒன்றிலிருந்து தூணுக்கு இன்னொரு கயிறு கட்டுங்கள். தரையிலிருந்து ஏழடிக்குக் கீழே வேண்டாம். கேரல் ரவுண்ட்ஸ் என்று வீடு வீடாகப் பாடி வருகிறவர்கள் மேளத்தோடு அங்கேதான் நிற்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முன் வரும் ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். நட்சத்திரத்தை அன்றே ஏற்றலாம். மற்றவற்றுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. குருத்தோலை இரண்டு மூன்று நாளில் வாடும், 24 மாலைக்கு முன் கட்டினால் திருநாளன்று சருகுதான் இருக்கும். சவுக்குக் கிளையை ஈரமணல் வாளியில் நட்டுத் தினமும் தண்ணீர் விடுங்கள். காய்ந்த சவுக்கு சட்டென்று பற்றிக்கொள்ளும், மெழுகுவர்த்தியை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

கோலத்துக்கு ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அந்த நேரம் மார்கழியும் பிறந்திருக்கும், தெருவே கோலமாகத்தான் இருக்கும். ஐந்து முனை நட்சத்திரம் புள்ளிக்குள் அடங்காது; வீணாகப் போராட வேண்டாம். இடுக்குப் புள்ளியாக 1, 4, 3, 4, 1 என்று பதின்மூன்று வைத்தால் ஆறுமுனை நட்சத்திரம் தானாக வரும். வாசல் ஈரமாக இருந்தால் பொடி கரைந்துவிடும், அரிசி மாவைக் கரைத்து இழைக்கோலமாகப் போடுங்கள்.

ஜனவரி 6, மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும் நட்சத்திரத்தை இறக்கலாம். தாளை உரித்து, ஐந்து முட்டுக் குச்சிகளையும் ஹோல்டர் தொங்கிய குச்சியையும் உருவிவிட்டால் சட்டம் தட்டையாகிவிடும். கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டலாம். மாட்டும் முன் காய்ந்த பசையை ஈரத்துணியால் துடைத்து, ஒருநாள் நிழலில் உலர்த்திவிடுங்கள். மைதா வாசனைக்கு எலி வந்தால் முதலில் கடிப்பது சணல் முடிச்சைத்தான்.